கிணறுகளைக் கணனியில் ஏற்றியவள்

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அன்பு அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேரும். சில நாள் வராமலும் விடும். அவளும் கோபக்காரிதான். எண்பதுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணக் கம்பஸில் ஒரே வகுப்பில் புவியியல் படித்தோம். சிரித்த முகத்தை விடக் கோபித்த முகத்தோடுதான் அவளை அதிகம் பார்த்திருக்கிறேன். ஆட்களின் குணத்தைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்ததில்லை. ஒரு இடத்தைப் பிழையாகச் சொன்னால் வரும்.

"கிட்ட" என்ற சொல்லை அவளுக்கு முன்னால் சொல்லக் கூடாது. சாவகச்சேரியில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, சந்தைக்குக் கிட்ட வந்து கேட்டால் காட்டுவார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். தன் ஊரான சண்டிலிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், வாசலில் நின்றபடியே செருப்பைக் கழற்றாமல் சண்டை பிடித்தாள். சந்தைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மூன்று ஒழுங்கை இருக்கிறதாம், அதில் இரண்டு தெற்கே திரும்புகிறதாம், பிறந்து வளர்ந்த ஊரில் வடக்கும் தெற்கும் தெரியாமல் என்ன புவியியல் படிக்கிறேன் என்று கேட்டாள். என் அம்மா தேத்தண்ணியோடு வந்து நின்று, பிள்ளைகளுக்குள் என்ன கோபமோ என்று பயந்துபோனார்.

மூன்றாம் வருடம் பண்டத்தரிப்புப் பக்கம் களவேலைக்குப் போனோம். ஒரு துண்டு நிலத்தை ஒவ்வொருவரும் வரைபடமாகக் கீற வேண்டும். பழைய இடவிளக்கப்படத்தில் அந்தத் துண்டுக்குள் ஒரு சின்னக் குளம் நீல நிறத்தில் இருந்தது. வெயில் கடுமை. நாங்கள் ஒரு வேப்பமரத்தின் கீழ் இருந்து குளத்தைப் பழைய படத்தில் பார்த்து அப்படியே வரைந்தோம், பிறகு சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தோம். அவள் மட்டும் போனாள். போய்ப் பார்த்தால் அங்கே குளமே இல்லை. தூர்த்து வெங்காயம் நட்டு எத்தனையோ வருடமாம். அவள் குளம் இல்லாமல் படத்தைக் கொடுத்தாள். விரிவுரையாளர் புள்ளியைக் குறைத்தார். அச்சடித்த படத்தில் இருப்பதை விட்டுவிட்டாய் என்றார். அவள் எல்லோருக்கும் முன்னால் எழும்பி, "சேர் அங்கை போனனீங்களோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் அடுத்தவரின் படத்தைக் கையில் எடுத்தார். புள்ளியும் கூடவில்லை. குளம் போட்ட எங்கள் எல்லோருக்கும் நல்ல புள்ளி கிடைத்தது.

பட்டம் முடிந்ததும் புவியியல் படித்தவர்களுக்கு இருந்த ஒரே கதவு ஆசிரிய நியமனம். அவளுக்கும் கடிதம் வந்தது. அவள் போகவில்லை. அவளுடைய தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர், அதிகம் கதைக்காத மனிதர். அந்தக் கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, இன்னும் ஒரு கிழமை இருக்கிறது என்று நாளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். மாப் கீறுகிறவளுக்கு மாப்பிளை எங்கே கிடைக்கும் என்று ஊரில் சிரித்தார்கள். அந்தப் பகிடியை அவளே எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

கொழும்பில் இரண்டு கிழமைப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்திருந்தாள். அங்கே ஒரு மேசையில் படத்தை விரித்து, கையளவு சாமான் ஒன்றை படத்திலிருந்த றோட்டின் மேல் நகர்த்தி நகர்த்தி அமத்த, அதே றோட்டு கணனித் திரையில் வந்ததைக் கண்டிருக்கிறாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து அதைச் சொன்னபோது அவளுடைய குரலே வேறாக இருந்தது.

"ஒருக்கா ஏத்திப் போட்டா எந்த அளவிலையும் எடுக்கலாம். குளம் தூந்தா குளத்தை எடுத்து விடலாம். நூறு வருசம் பிழையான படத்தை வைச்சுக்கொண்டு மாரடிக்கத் தேவையில்லை."

ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இதற்கென்றே படிப்பு இருக்கிறதாம். அன்றிலிருந்து அந்த இடத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். பட்டம் போதாது, நீங்களே செய்து வெளியான ஒரு படம் இருந்தால் அனுப்புங்கள், இடம் தரலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியின் கீழ் அவள் கோடு போட்டு வைத்திருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் கந்தோரில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. குடாநாட்டுக் கிணறுகளின் நீர்மட்டம், உப்பு இரண்டையும் அளந்து படமாக்க வேண்டும். கந்தோரில் ஒரு கணனி இருந்தது. அவள் கொழும்பில் கண்ட மேசை இல்லை. கேட்டாள், அது வராது என்றார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் படத்தின் மேல் சதுரக்கோட்டுத் தாளை வைத்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு என்று இரண்டு எண்கள் எடுப்பாள். அதைக் கொப்பியில் எழுதி, பிறகு கணனியில் அடிப்பாள். ஒவ்வொரு கிணற்றுக்கும் நேரே போகவும் வேண்டும். காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டால், கயிற்றில் ஈயக் குண்டு கட்டிய அளவுநாடாவும் தண்ணீர்ப் போத்தல்களும் குலுங்கக் குலுங்க வெயில் சாயும் வரைக்கும் திரிவோம்.

அந்த நாட்களில் ஒவ்வொரு சந்தியிலும் துவக்கைத் தோளில் தொங்கவிட்டபடி யாரோ ஒருவர் நின்றார். ஆட்கள் மாறினார்கள், துவக்கு அங்கேயே இருந்தது. துவக்கு வைத்திருந்த எல்லோருக்கும் படம் என்றால் சந்தேகம். ஒரு சந்தியில் எங்களை மறித்தவனுக்கு இருபது வயதுகூட இராது. படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, இந்தப் புள்ளிகள் என்ன, யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். நான் மெல்லிய குரலில் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னை இடைமறித்தாள்.

"உம்மடை அம்மா குடிக்கிற தண்ணி உப்பாப் போச்சோ எண்டு பாக்கிறம். வேணுமெண்டா அவவைக் கேட்டுப் பாரும்."

படத்தைப் பறித்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டான். நான் அதோடு விட்டிருப்பேன். அவள் அடுத்த நாள் காலையில் போய் அந்தக் காவலரணுக்கு எதிரே, ஒரு மதிலின் நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்தாள். பின்னேரம் வரைக்கும் இருந்தாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் வேறு ஒருவன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அக்கா, நாளைக்கு வந்து இருக்க வேண்டாம்" என்றானாம். தாளில் ஒரு மூலை கிழிந்திருந்தது. அவள் அதைத்தான் எனக்குக் காட்டினாள், அந்த மூலையில் நான்கு கிணறு போய்விட்டது என்று. திரும்பவும் அந்த நான்குக்கும் போனோம்.

தொண்ணூறில் சண்டை மூண்டதும் மின்சாரம் போனது. மண்ணெண்ணெயும் அருமையாகிவிட்டது. கந்தோரின் ஜெனறேற்றரை ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் போடுவார்கள். காலை முழுவதும் கொப்பியில் எண்களைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, ஜெனறேற்றர் உறுமத் தொடங்கியதும் கதிரையில் போய் இருப்பாள். நான் எண்களை வாசிப்பேன், அவள் திரையைப் பார்த்தபடி அடிப்பாள். தண்ணீர் குடிக்கவும் எழும்ப மாட்டாள். விமானச் சத்தம் கேட்டு மற்றவர்கள் பதுங்குகுழிக்கு ஓடிய ஒரு நாள், அடித்ததை டிஸ்க்கில் பதிந்துவிட்டுத்தான் வருவேன் என்று இருந்தாள். நான் கதவடியில் நின்று அழுதேன். அதற்கும் கோபித்தாள்.

ஒரு நாள் திரையில் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது, குருநகருக்குத் தெற்கே, கடலுக்குள் ஒரு கிணறு தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். நான் ஒரு எண்ணை மாற்றி வாசித்திருக்கிறேன். ஒரு கிணறு தானே, அழித்துவிடு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் உறுத்துகிறது.

"கடலுக்கை விழுந்ததாலை உது தெரிஞ்சுது. தரையிலை பிழைச்சு விழுந்ததுகள் எத்தினை? அதுகள் தெரியாது காணும்."

ஆறு கொப்பிகளையும் முதலிலிருந்து வாசித்துச் சரிபார்த்தோம். ஒரு மாதம் போனது. இன்னும் இரண்டு பிழை கண்டுபிடித்தாள். இரண்டும் என் வாயிலிருந்து வந்தவை.

படம் முடிந்தது. புள்ளி புள்ளியாகக் குத்தும் பிறின்ரரில் துண்டு துண்டாக அச்செடுத்து, மாப்பசையால் ஒட்டி, நிலத்தில் விரித்தோம். நல்ல தண்ணீர் எங்கே நிற்கிறது, உப்பு எந்தப் பக்கத்தால் உள்ளே வருகிறது, எங்கே மோட்டர் பூட்டி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும், எல்லாம் அதில் இருந்தது. அவள் காலை மடித்து அதன் ஓரத்தில் இருந்து, பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அமைதியாகக் கண்ட நாட்களில் அது ஒன்று.

கொழும்பிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். இரண்டு நாள் நின்றார். ஒரு கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை. இளநீர் குடித்தார், படத்தை மெச்சினார், டிஸ்க்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஒரு வருடம் கழித்து அறிக்கை புத்தகமாக வந்தது. முகப்பில் அவருடைய பெயர். உள்ளே மடித்து வைத்த வண்ணப் படத்தின் அடியில், தயாரித்தவர் என்ற இடத்திலும் அவருடைய பெயர். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். சாரதிக்கு, காவலாளிக்கு, பிறகு தட்டச்சு உதவி என்று அவளுக்கும் எனக்கும்.

அவள் நின்றபடியே புத்தகம் முழுவதையும் வாசித்தாள். பெயரைப் பார்த்துக் கோபித்தாளா என்று எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் சத்தம் போட்டாள். கோடுகள் வடிவாக வளைய வேண்டும் என்பதற்காக, ஒத்துவராத பதினொரு கிணறுகளை அந்த ஆள் விலத்தியிருந்தார். தென்மராட்சியில் உப்பு ஏறும் பெரிய பகுதி ஒன்று அவருடைய படத்தில் நல்ல தண்ணீராகியிருந்தது. அவள் கொழும்புக்கு நீண்ட கடிதம் எழுதினாள். படத்தைத் திருத்துங்கள், செய்தவரின் பெயரைப் போடுங்கள்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கந்தோர்ப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். பண்பான மனிதர், குரல் உயர்த்தாதவர். கொழும்பில் விசாரிக்கிறார்கள், நீங்கள் இருவரும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றார். பிரச்சினையாக்காமல் எழுதினால் அடுத்த திட்டத்திலும் என்னை வைத்துக்கொள்ளலாம் என்றார். என் கணவரின் தொழிற்சாலை மூடி மூன்று வருடமாகியிருந்தது. மகளுக்குப் பதினொரு மாதம். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்குள் இவைதான் ஓடின. பேனையை எடுத்து, ஆலோசகரின் வழிகாட்டலின் கீழ் நாங்கள் இருவரும் தரவு சேர்ப்பதிலும் தட்டச்சிலும் உதவினோம் என்று எழுதி ஒப்பமிட்டேன்.

பொறுப்பாளர் அதை அவளுக்குக் காட்டினார். அவள் என் மேசைக்கு வந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கும் திருப்பிக் கத்த ஏதாவது கிடைத்திருக்கும்.

"நீர் வாசிச்ச இலக்கம் எல்லாத்தையும் நான் நம்பித்தான் அடிச்சனான்" என்றாள்.

மேசை லாச்சியிலிருந்து தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஐரோப்பியப் படிப்பு இடத்துக்கு அனுப்ப அவளிடம் அந்தப் புத்தகத்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. அனுப்பிய புத்தகத்தில் அவள் தட்டச்சுக்காரி. அடுத்த கடிதத்தில் அவர்கள் இடம் தர முடியாததற்கு வருந்தியிருந்தார்கள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய தகப்பனைச் சந்தையில் கண்டபோது அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்கள் சுகமோ பிள்ளை?" என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறியபோது வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நடந்து எங்கள் பக்கமான தென்மராட்சிக்கு வந்தது. எங்கள் வீட்டு வளவில் மட்டும் ஒன்பது குடும்பம். பள்ளிக்கூடம், கோயில், மாமரத்தடி எல்லாம் சனம். கிணறுகள் மத்தியானத்துக்குள் சேறாகின. பெரிய கிணறு வெட்டி மோட்டர் பூட்ட வேண்டும் என்று ஒரு வகுப்பறையில் கூட்டம் வைத்தார்கள். இந்தப் பக்கத்துக் கிணறுகள் தெரிந்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நிவாரண அதிகாரி மேசையில் விரித்து வைத்திருந்தது அந்தப் புத்தகத்துப் படம்.

மூன்று இடத்தில் விரலை வைத்தார். மூன்றும் லொறி போகக்கூடிய இடங்கள். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பினாள். சேலைக் கரை சேறு. இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் அவளைக் கண்டேன். அவளும் அந்தச் சனத்தோடு நடந்து வந்திருக்கிறாள்.

"அந்த மூண்டிலையும் மோட்டர் பூட்டினா ஒரு கிழமையிலை உப்பு வரும்."

"படத்திலை நல்ல தண்ணி எண்டு இருக்கே, அம்மா."

"உந்தப் படத்திலை பதினொரு கிணறு இல்லை. அளந்தது நான்."

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல, களைத்துப்போனவர். நீங்கள் யார் என்று கேட்டு, பெயரைக் கேட்டு, புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தார். "ஓ, ரைப் அடிச்சவவோ" என்றார். வகுப்பறையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் எழும்பினேன். "அந்தப் படத்தைச் செய்தது இவ. நான் பக்கத்திலை இருந்து இலக்கம் வாசிச்சனான், அவ்வளவுதான். வேறை மாதிரி நான் எழுதிக் குடுத்தது பொய்" என்றேன். எங்கள் பழைய கந்தோர்ப் பொறுப்பாளரும் அங்கே இருந்தார். அவர் தன் கையிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி மூன்றில் ஒரு இடத்தைப் பேனையால் வெட்டினார். ஒரு கிணற்றை அவள் காட்டும் இடத்தில் வெட்டுவோம் என்றார். மற்ற இரண்டுக்கும் லொறி போக வேண்டும், ஆகவே படத்தின்படியே நடக்கட்டும் என்றார். வெளியே வரும்போது அவள் எனக்குப் பக்கத்தால் போனாள். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன்.

"இதை அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும்" என்றாள். நிற்கவில்லை.

மோட்டர் பூட்டி ஐந்தாம் நாள் அந்த இரண்டு கிணறும் உப்பாகின. அதற்குள் அதைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். எங்கள் வளவிலும் ஒரு குழந்தை வாடிப்போய்க் கிடந்து, தெய்வாதீனமாகப் பிழைத்தது. அவள் முகாம் முகாமாகச் சைக்கிளில் போய், குடிக்கக்கூடிய கிணறுகள் எவை என்று சனத்துக்குச் சொல்லித் திரிந்தாள் என்று கேள்விப்பட்டேன். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. மார்கழியில் தகப்பனோடு கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போய்விட்டாள்.

சில வருடம் கழித்து, நான் பிறகு ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு வெளிநாட்டு நகரசபையின் குடிநீர்ப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது. இன்னார் உங்களோடு வேலை செய்ததாகச் சொல்கிறார், கணனியில் கிணற்றுப் படம் செய்தவர் இவர்தானா என்று கேட்டிருந்தார்கள். அவள் வன்னியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பெயரை அவள் கொடுத்திருக்கிறாள். வேறு சாட்சி அவளுக்கு இல்லை. நான்கு பக்கம் எழுதினேன். என் பொய்யையும் சேர்த்து எழுதினேன். வேலை கிடைத்ததாம். நிலத்துக்குக் கீழே போகும் குழாய்களைக் கணனியில் படமாக்குகிறாளாம். இதை வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். அவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. இப்போது யாராவது புவியியல் படித்து என்ன செய்வது என்று என்னைக் கேட்டால், கணனியில் படம் செய்யலாம், நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்வதுபோல எனக்குச் சொல்ல வாய் வருவதில்லை. அவள் அதற்கு என்ன கொடுத்தாள், நான் அவளிடமிருந்து என்ன பறித்தேன் என்றுதான் நினைவு வரும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தற்செயலாகக் கண்டேன். மடித்த படத்தை விரித்தேன். தயாரித்தவர் என்ற இடத்தில் அதே பெயர், அவ்வளவு வருடமும் அசையாமல் இருந்தது. பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டி, அதன் மேல் அவளுடைய முழுப் பெயரையும் எழுதினேன். பொறுப்பில் இருந்த பெண் ஓடிவந்து, "ரீச்சர், நீங்களே இப்பிடிச் செய்யலாமோ?" என்று கேட்டு என் அங்கத்துவ அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் செய்தது பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் திருப்பித் தருவதாகச் சொன்னாள்.

எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.